ரெட்டை பெத்த கை

இல்லம்மா, நீங்க சன்னலோரமே இருங்க. எனக்குக் காத்து வேணாம். இந்தப் பையை மட்டும் உங்க காலுக்குப் பக்கத்துல வச்சுக்கிறேன். உள்ள ஒண்ணும் இல்ல, ஒரு சேலையும் ஒரு சொம்பும்தான். ஆஸ்பத்திரிக்குப் போறவ சொம்பை எதுக்கு எடுத்தேன்னு கேக்காதீங்க. கையில அகப்பட்டதைத் திணிச்சுக்கிட்டு ஓடியாந்தேன். செருப்பைப் பாத்தீங்களா? வலது காலுது என்னுது. இடது காலுது பக்கத்து வீட்டு இருளாயியுது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பெறகுதான் கவனிச்சேன். அவ இந்நேரம் ஒத்தச் செருப்போட வாசல்ல நின்னு என்னைய வஞ்சுக்கிட்டு இருப்பா. வையட்டும்.

மதுரைக்கு எம்புட்டு நேரமாகும்? ஒன்னேகால் மணி நேரமா? ஐயோ. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். நீங்க யாரோ, நான் யாரோ. மாட்டுத்தாவணியில எறங்குனா நீங்க ஒரு பக்கம் போவீக, நான் ஒரு பக்கம் போவேன். அதனாலதான் சொல்றேன். இருபத்திரெண்டு வருசமா ஒருத்தர்ட்டயும் சொல்லாதது. கேட்டுட்டு இந்த பஸ்ஸுலேயே விட்டுட்டுப் போயிருங்க.

என் மகளுக்கு விரல்ல சுளுக்கு. அம்புட்டுத்தான். சிரிக்காதீங்க. ஒரு விரல் சுளுக்குக்கா இந்தப் பாடுன்னு நினைக்கிறீக. நானும் இதுவரைக்கும் ஆயிரம் சுளுக்கைப் பாத்தவதான். அதுதான் வினையே.

என் பேரு வேலுத்தாய். ஆனா அந்தப் பேரைச் சொல்லி எங்க தெருவுல கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. ரெட்டைப் பிள்ளைக்காரி வீடு எதுன்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூடக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விடும். சேது, சிந்து. ஆணொண்ணு, பொண்ணொண்ணு. ரெட்டைப் பிள்ளை பெத்தவ கை பட்டா சுளுக்கு எடுபட்டுரும்னு உங்க பக்கமும் சொல்லுவாகல்ல? இடுப்புப் பிடிப்புன்னா குப்புறப் படுக்கப் போட்டு மிதிக்கணும். கை, காலு, கழுத்துன்னா நீவி விடணும். நல்லெண்ணெயை லேசாச் சூடு பண்ணி, மூணு நாளு, விடியக்காலம், வெறும் வயித்துல.

சும்மா நீவக் கூடாது. அதுக்கு ஒரு சொல்லு இருக்கு. எங்க மாமியா சொல்லிக் குடுத்தது. "ரெட்டைய நான் பெத்தேன், ரெட்டைக்கும் பால் குடுத்தேன், ஒத்தைச் சுளுக்கே ஓடிப் போ." இதை மூணு தடவ வாய் விட்டுச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா பலிக்காது.

பெருமைக்குச் சொல்லலை, கண்டக்டருங்க வந்திருக்காக, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாரு வந்திருக்காரு, பந்தல் போடுற ஆளு ஏணியில இருந்து விழுந்து நேரா என் வீட்டுக்குத்தான் வந்தான். எல்லாரும் நல்லாப் போனாக. தபால்காரரு ஒருத்தரு பெருவிரலு மட்டும் அதுக்குப் பெறகு மடங்கவே இல்ல. அது அவரு சாதகம், நான் என்ன பண்ண முடியும்? அப்படித்தான் நேத்து வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில இருந்து அந்தத் தபால்காரரு மூஞ்சிதான் கண்ணுக்குள்ள நிக்குது.

கொஞ்சம் கிட்ட வாங்க. முன் சீட்டுக்காரவுக காதுல விழப் போகுது.

நான் ரெட்டை பெக்கலை.

ஆமா. சேது நான் பெத்தவன். சிந்து என் கூடப் பிறந்த தங்கச்சி செல்லக்கனி பெத்தவ.

அப்ப நாங்க திருப்பூர்ல இருந்தோம். எங்க வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில வேலை. நான் சேதுவை ஏழு மாசம் சுமந்துக்கிட்டு இருக்கேன், ஒத்தாசைக்குன்னு செல்லக்கனி வந்து எறங்குனா. பத்தொம்பது வயசு. தாவணிய இழுத்து இழுத்து மூடுறா. எனக்குத் தெரியாதா? அவளுக்கும் ஏழு மாசம். ஆளு யாருன்னு கேட்டேன். அடிச்சுக் கேட்டேன். சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. அழுத்தக்காரி. எங்க அப்பன் அப்ப உசுரோட இருந்தாரு. தெரிஞ்சிருந்தா வெட்டிப் போட்டிருப்பாரு, அவளையும் போட்டு அவரும் போயிருப்பாரு.

லைன் வீட்டுலேயே ரெண்டு பிரசவமும். ஒரே மருத்துவச்சி. சேது பிறந்து பதினோராம் நாளு சிந்து பிறந்தா. எங்க வீட்டுக்காரரு குருசாமி, பேச்சுக்கே காசு கேக்குற ஆளு, அன்னைக்கு ரெண்டு பிள்ளையையும் தூக்கி என் மடியில ஆளுக்கொரு பக்கமாப் போட்டுட்டுச் சொன்னாரு: "ரெட்டைன்னு சொல்லிருவோம். யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?"

ரெண்டுக்கும் நான்தான் பால் குடுத்தேன். செல்லக்கனிக்குப் பால் கட்டிக்கிருச்சு. கடைக்கு ஓடி மல்லிகைப்பூ வாங்கியாந்து, மாருல வச்சுத் துணியால இறுக்கிக் கட்டுனேன். அதை வச்சாப் பால் வத்தும்ல. பிள்ளை அழுகுற சத்தம் கேக்கும்போதெல்லாம் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிருவா. கழுதை, பிள்ளை மேல பாசமே இல்லாம படுத்துக் கெடக்காளேன்னு நினைச்சேன். நாலு நாளுல வத்திருச்சு. இப்பவும் அவ மல்லிகைப்பூ வைக்க மாட்டா. கேட்டா அந்த வாசனைக்குத் தலைவலி வருதும்பா. அருப்புக்கோட்டையில பிறந்துட்டு மல்லிகைப்பூவுக்குத் தலைவலியாம்!

ஆறு மாசம் கழிச்சு ஊருக்கு வந்தோம். வந்த மூணா நாளு எங்க மாமியா ஒரு அம்மாவைக் கூட்டியாந்து நிப்பாட்டுனாக. கழுத்து ஒரு பக்கமாத் திரும்பி நிக்குது. "நம்ம வீட்டுக்கே ரெட்டைப் பிள்ளைக்காரி வந்துட்டா, நீவி விடுடி"ங்கிறாக. மாட்டேன்னு எப்படிச் சொல்ல? சொன்னா ஏன்னு கேப்பாக. ஏன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? எண்ணெயைத் தொட்டு நீவுனேன். மறுநாளு அந்த அம்மா கழுத்தை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டிக்கிட்டு வந்து கும்பிடுது! எனக்குச் சந்தோசம் வரலைம்மா. பயம்தான் வந்துச்சு. பொய்க் கைக்கு எப்படிச் சுளுக்குப் போச்சு? சாமி தெரியாம விட்டுருச்சா, இல்ல தெரிஞ்சே கணக்கைச் சேத்து வச்சுக்கிட்டு இருக்கா?

அன்னையில இருந்து இப்படித்தான். நீவும்போது "ரெட்டைய நான் பெத்தேன்"ங்கிறதைப் பல்லுக்குள்ளேயே மென்னு முழுங்கிருவேன். "ரெட்டைக்கும் பால் குடுத்தேன்"ங்கிறதைச் சத்தமாச் சொல்லுவேன். அது நெசம்ல. அதை எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அடிச்சுச் சொல்லுவேன்.

நான் ரெண்டு பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் காட்டுனது இல்ல. சேதுவை அடிச்சிருக்கேன், விளக்குமாறு பிய்யப் பிய்ய அடிச்சிருக்கேன். சிந்து மேல ஒரு அடி, ஒரு சுடுசொல்லு? கெடையாது. எங்க கோவிச்சுக்கிட்டுப் போயிருவாளோன்னு எனக்குப் பயம். ஒரு தடவ, ஏழாப்புப் படிக்கும்போது, என் முன்னாடி வந்து நின்னு, "என்னையும் ஒரு தடவ அடிச்சாத்தான் என்ன?"ன்னு கேட்டா. கிறுக்கச்சி. அடி வாங்க ஆசைப்படுற பிள்ளைய நீங்க எங்கேயாச்சும் பாத்திருக்கீகளா?

அப்பன் செல்லம் அவ. எங்க வீட்டுக்காரரு அஞ்சு வருசத்துக்கு முந்தி, கடைசியில ஆறு மாசம் படுக்கையில கெடந்தாரு. சிந்துதான் எல்லாம் பாத்தா. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருப்பாக. நான் கஞ்சியோட உள்ள போனா பேச்சு நின்னுரும். அப்பனும் மகளும் என்ன ரகசியமோ! அவரு போன பெறகு அவளுக்கு ஒரு புதுக் கூத்து. பிறந்தநாளுக்கு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கேக்கு வாங்குவோம்ல, அது வேணாமாம். "சேது இன்னைக்கு வெட்டட்டும், எனக்குப் பத்துப் பதினஞ்சு நாளு கழிச்சுத் தனியா வாங்கித் தாங்க"ம்பா. ரெண்டு தடவ கேக்கு திங்கிறதுக்கு வழி பாக்குறா. நானும் வாங்கிக் குடுத்துருவேன்.

காரியாபட்டி வந்துருச்சா? இல்லையா? சரி.

டைப்பு படிக்கிறா. லோயர் பாஸ் பண்ணிட்டா, இப்ப ஹையரு. இன்னும் பன்னெண்டு நாளுல பரீட்சை. ராத்திரியெல்லாம் தொடையில விரலைத் தட்டிக்கிட்டே தூங்குவா.

போன ஞாயித்துக்கிழமை தெருவுக்குத் தண்ணி லாரி வந்துச்சு. எங்க ஊர்ல தண்ணி லாரின்னா தேரு வந்த மாதிரி. ரெண்டு குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுனா. குடத்துக் கழுத்துல விரலைக் குடுத்துப் பிடிச்சிருக்கா. வரிசையில முந்துறதுக்கு எவளோ ஒருத்தி குடத்தை இடிச்சுத் தள்ளியிருக்கா. குடம் ஒரு பக்கம் திரும்ப, விரல் ஒரு பக்கம் முறுக்கிக்கிருச்சு. வலது கை மோதிர விரல்.

வீட்டுக்கு வர்றா, பின்னாடியே அரைத் தெரு வருது. விரலு கத்திரிக்கா கணக்கா வீங்கி, மினுமினுன்னு இருக்கு. இருளாயி சொல்றா, "எதுக்குடி அழுகுற? உங்கம்மா கை பட்டா நாளைக்கே நீ டைப்பு அடிக்கலாம்." எல்லாரும் என்னையவே பாக்குறாக. சிந்து கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா.

 ஊரு உலகத்துக்கெல்லாம் நீவுனேன், இவளுக்கு நீவுனதே இல்ல. சேது மரத்துல இருந்து விழுவான், கிட்டிப்புள்ளுல அடிபட்டு வருவான், அவனுக்கு நீவியிருக்கேன். இவளுக்கு ஒரு சுளுக்கும் வந்தது இல்ல. வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். அந்தச் சொல்லை இவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? ஊராருக்கு முழுங்குன மாதிரி இவகிட்ட முழுங்க முடியுமா? பக்கத்துல இருந்து ஆயிரம் தடவ கேட்டவளாச்சே, மூஞ்சிக்கு நேரா முழுங்குனா எதை முழுங்குறேன்னு தெரிஞ்சிரும். சொல்லிட்டோம், சுளுக்குப் போகலைன்னு வைங்க? ஊருக்கெல்லாம் பலிச்ச கை பெத்த பிள்ளைக்குப் பலிக்கலையேன்னு ஒரு நாக்கு சொல்லும். ஏன்னு இன்னொரு நாக்கு கேக்கும். அம்புட்டுத்தான், நூலைப் பிடிச்சு இழுத்துருவாக.

"அடுப்புல பால் பொங்குது"ன்னு உள்ள ஓடிட்டேன். அடுப்புல பாலே இல்ல.

திங்கக்கிழமை, இன்னைக்கு நாள் சரியில்லன்னேன். இருளாயி வாசல்ல நின்னுக்கிட்டு, "ஊருக்கெல்லாம் நீவுறவ, பெத்த பிள்ளைக்கு நீவ மாட்டேங்குறாளே, என்ன மனசு இது"ங்கிறா. பெத்த பிள்ளை, பெத்த பிள்ளைன்னு அவ சொல்லச் சொல்ல எனக்குக் காதுக்குள்ள ஈயத்தை ஊத்துற மாதிரி இருக்கு. அன்னைக்குப் பொழுது சாய சிந்து என் பக்கத்துல வந்து உக்காந்தா. "அம்மா, அந்தச் சொல்லெல்லாம் வேணாம். சும்மா நீவி விடு"ங்கிறா. படிச்ச பிள்ளைல, மந்திரம் தந்திரத்துல நம்பிக்கை இல்ல. "சொல்லு இல்லாம நீவுனாப் பலிக்காதுடி"ன்னேன். என்னையவே பாத்தா.  "பலிக்காட்டி என்ன?"ன்னா. வலி தாங்காமப் பேசுறான்னு நினைச்சுக்கிட்டேன்.

செவ்வாக்கிழமை விடியக்காலம் துணிஞ்சுட்டேன். எண்ணெயைச் சூடு பண்ணேன். எதுக்க உக்காத்தி வச்சு அவ கையை என் கையில எடுத்தேன். சுடுது, அனலா. வாயைத் திறந்தேன். "ரெட்டைய நான்"னு சொன்னேன். அதுக்கு மேல நாக்கு வரலை. அண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. அவ கண்ணைக் கூடச் சிமிட்டாம என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கா. மறுக்கா, "ரெட்டைய நான்". வரலை. கை பட்டு எண்ணெய்க் கிண்ணி கவுந்து, நான் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்துட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், ஒத்தக் கையால தரையில சிந்துன எண்ணெயைத் துடைச்சுக்கிட்டு இருக்கா.  "போய்ப் படும்மா"ன்னா.

நேத்து செல்லக்கனி வந்தா. அவளை மதுரையில கட்டிக் குடுத்திருக்கு. நல்ல மாப்பிள்ளை, லாரி செட்டுல இருக்காரு. பிள்ளை குட்டி இல்ல. ஒண்ணும் தங்கலை. மாசம் ஒரு தடவ வருவா, சிந்துக்குச் சடை பின்னி விடுவா, சேதுக்கு முறுக்கு குடுப்பா, போயிருவா. நேத்து வந்து விரலைப் பாத்தவ, பேயா மாறிட்டா. விரல் நீலம் பாரிச்சிருந்துச்சு. "நாலு நாளா இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணிக்கிட்டு இருந்த அக்கா? ஆஸ்பத்திரி இல்லையா ஊர்ல?"ன்னு கத்துறா. இருபத்திரெண்டு வருசத்துல என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. "வாடி, மதுரைக்குப் போவோம்"னு பிள்ளையை இழுத்துக்கிட்டு கிளம்பிட்டா. நான் கூடப் போகலை. கோழிக்கு யாரு தண்ணி வைக்கிறதுன்னு சொன்னேன். கோழிக்கா? டாக்டரு என்ன சொல்லுவாரோன்னு பயம்மா, வேற என்ன.

இன்னைக்குக் காலையில போனு. செல்லக்கனிதான். படம் பிடிச்சுப் பாத்தாகளாம். மூட்டு லேசா விலகியிருக்காம், ஜவ்வு கிழிஞ்சிருக்காம், அதோட எலும்புல ஒரு சில்லு பேந்திருக்காம். மரத்துப் போற ஊசி போட்டு மூட்டை உக்கார வச்சு, பக்கத்து விரலோட சேத்துக் கட்டுவாகளாம். ஒத்த விரலு தனியா ஆறாதாம், பக்கத்து விரலு துணைக்கு நிக்கணுமாம். ஆறு வாரம். பெறகு தினம் வெந்நியில வச்சு மடக்கி மடக்கிப் பழகணுமாம். இந்தத் தடவ பரீட்சை போச்சு. டாக்டரு கேட்டாராம், "யாராச்சும் நீவி விட்டீங்களா?"ன்னு. இல்லைன்னதும், "பிழைச்சீங்க. நீவியிருந்தா அந்தச் சில்லு எங்கேயோ போயிருக்கும், விரல் நிரந்தரமாக் கோணலாயிருக்கும்"னாராம்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசமா, பயமா, சொல்லத் தெரியலை. பொய்க்குப் பயந்து நான் தொடாம இருந்தது அவ விரலைக் காப்பாத்தியிருக்கு. அப்ப தொட்ட விரலெல்லாம்? அந்தத் தபால்காரரு? அந்தப் பந்தல்காரன்?

அதோட முடிஞ்சிருந்தா நான் இந்த பஸ்ஸுல இருக்க மாட்டேன். செல்லக்கனி போனை வைக்கலை.  "என்னடி?"ங்கிறேன். "அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்"ங்கிறா.

ஊசி போடுறதுக்கு முந்தி ஒரு பேப்பரைக் குடுத்து, கூட வந்தவுக கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லியிருக்காக. பேரு, ஊரு, உறவுமுறைன்னு கட்டம் கட்டமா இருந்துச்சாம். உறவுமுறைங்கிற இடத்துல இந்தப் பாவி அம்மான்னு எழுதிட்டா. "கை தானா எழுதிருச்சு அக்கா. எழுதி முடிச்ச பெறகுதான் நானே பாத்தேன்"னு அழுகுறா. எதுக்குடி அழுகுற, பேனாவுல அடிச்சுட்டு மாத்தி எழுத வேண்டியதுதானன்னு வஞ்சேன். "சிந்து பின்னாடி நின்னு பாத்துட்டா அக்கா"ங்கிறா.  பேப்பரை வாங்கிக்கிட்டு வெளிய போயிட்டாளாம். அரை மணி நேரமா ஆளைக் காணோமாம்.

நானும் எத்தனையோ தடவ சிந்துக்குப் போன் அடிச்சுப் பாத்துட்டேன். மணி போகுது. எடுக்க மாட்டேங்குறா.

எங்கிட்டுப் போயிருப்பா? ஊரு தெரியாத பிள்ளை இல்ல. ஆனாலும் விரல்ல அம்புட்டு வலியோட, நெஞ்சுல இதையும் வாங்கிக்கிட்டு, ஏதாச்சும் கிறுக்குத்தனம் பண்ணிட்டான்னா? இல்ல, செல்லக்கனியைக் கட்டிப் பிடிச்சு, அம்மான்னு சொல்லிட்டான்னா? எது பெரிய பயம்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியலை. பாத்தீங்களா, எப்பேர்ப்பட்டவ நான்.

தானாடாட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாக. செல்லக்கனி சதை ஆடிருச்சு, அவ கை தானா எழுதிருச்சு. சரி. பெத்தவ. நான் ஞாயித்துக்கிழமையில இருந்து சோறு தண்ணி இல்லாம ஆடிக்கிட்டே இருக்கேனே, இது யாரு சதை? இதுக்கு ஒரு பழமொழி வச்சிருக்காகளா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க.

அவ வந்து நின்னு, "நீ எனக்கு யாரு?"ன்னு கேட்டான்னா நான் என்ன சொல்லுவேன்? பால் குடுத்தேன்னு சொல்லுவேன். பால் எந்த மாடும் குடுக்கும்னு அவ சொல்லிட்டான்னா? அப்படிச் சொல்ற பிள்ளை இல்ல. ஆனா கோவத்துல வாய் என்ன வேணாலும் சொல்லும். நான் பாக்காத கோவம் அது. அவளைக் கோவப்பட விட்டதே இல்லையே நான்.

எறங்கிப் போயிரலாமான்னு இருக்கு. இந்தா, இந்த விலக்குல எறங்கி எதுக்க வர்ற பஸ்ஸுல ஏறித் திரும்பிப் போயிட்டா என்ன? வேணாம், என்னைய விட்டுறாதீங்க. நான் எந்திரிச்சா இழுத்து உக்கார வச்சுருங்க.

அது என் போனா? டிங்குன்னுச்சே. மணி இல்ல, ஏதோ வந்து விழுந்திருக்கு. பாருங்க, அவ மூஞ்சி போட்ட வட்டம் வருது. சிந்துதான். சிந்துதான் அனுப்பியிருக்கா. எனக்கு எழுத்து வாசிக்க வராது, மூணாப்போட நிப்பாட்டிட்டாக. யாராச்சும் படிச்சுச் சொல்லுவாகன்னு அவளுக்குத் தெரியும். நீங்க பாருங்க. இந்தாங்க. 

முதல்ல நீங்களே படிங்க. கெட்டதுன்னாச் சொல்லாதீங்க. இல்ல இல்ல, எதுன்னாலும் சொல்லிருங்க.

என்ன? "சித்தி பாவம், வையாம வா" அப்படின்னா எழுதியிருக்கா? சித்தின்னா? சித்தின்னுதான் போட்டிருக்கா? நல்லாப் பாத்தீங்களா?

அதோட ஒரு படமா? பேப்பர் படமா? அந்தப் பேப்பர்தான். ஐயோ, அதேதான். மெதுவாப் படிங்க.

நோயாளி பெயர் சிந்து. ம். வயது இருபத்திரெண்டு. ம். உடன் வந்தவர் பெயர் செல்லக்கனி. ம். உறவுமுறை.

ஏன் நிப்பாட்டிட்டீங்க?

அம்மாங்கிறதைக் கோடு போட்டு அடிச்சிருக்கா? யாரு அடிச்சா? மேல சித்தின்னு எழுதியிருக்கா? எழுத்து எப்படி இருக்கு? கோணல்மாணலா, ஒண்ணாப்புப் பிள்ளை எழுதுன மாதிரியா? அவதான். வலது கையில எழுத முடியாதுல்ல, இடது கையில எழுதியிருக்கா. அதுக்குத்தான் இம்புட்டு நேரம் ஆயிருக்கு பிள்ளைக்கு. எங்கேயோ போய் உக்காந்து, இடது கையில.

கீழ இன்னும் என்னமோ இருக்கே. அதுவும் அதே எழுத்துதான? அந்தப் பேப்பர்ல அப்படி ஒரு கட்டமே இல்லையா? அவளாக் கோடு கிழிச்சு எழுதியிருக்காளா? என்ன எழுதியிருக்கா?

"தாயார் வேலுத்தாய். வந்துகொண்டிருக்கிறார்."

இன்னொரு தடவ படிங்கம்மா.